அப்பாவின் ஒமேகா: புதுப்பிப்பதா, விற்பதா?

கேள்வி: நான் நாகப்பட்டினத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் தந்தை சிங்கப்பூரில் கணக்கராக வேலை பார்த்துவிட்டு 1967இல் ரஜூலா கப்பலில் ஊர் திரும்பியபோது ஒரு ஒமேகா சீமாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். எஃகு கேஸ், தேதி காட்டும் ஆட்டோமேட்டிக் வகை. அவர் மறைந்தபின் அது பீரோவிலேயே கிடக்கிறது. ஆட்டினால் சில நிமிடங்கள் ஓடி நின்றுவிடுகிறது, தேதி மாறுவதில்லை. டயல் பழுப்பேறி, நான்குக்கும் ஐந்துக்கும் இடையே கரும்புள்ளிகள் விழுந்திருக்கின்றன. கண்ணாடி முழுவதும் கீறல். உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் திறந்து பார்த்துவிட்டு, டயலைப் புதிதாக அடித்து, கேஸுக்குப் பாலிஷ் போட்டு, சர்வீஸும் செய்து 18,000 ரூபாய்க்குப் புத்தம் புதிதாக்கித் தருவதாகச் சொல்கிறார். சென்னையில் பழைய கடிகாரங்களை வாங்கும் ஒருவர், வாட்ஸ்அப்பில் அனுப்பிய முகப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, இருக்கிறபடியே 40,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். விற்றுப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பது கோவையில் இருக்கும் என் தம்பியின் கருத்து. என் மகனுக்கு அதைக் கட்டிக்கொள்ள ஆசை இருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடையில் திறந்தபோது எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள அம்மையாருக்கு வணக்கம்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். டயலைப் புதிதாக அடிக்கும் வேலைக்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் சம்மதிக்க வேண்டாம்; கேஸுக்குப் பாலிஷும் வேண்டாம். நீங்கள் விற்பதாக இருந்தாலும் சரி, வைத்துக்கொள்வதாக இருந்தாலும் சரி, இந்த இரண்டு வேலைகளும் கடிகாரத்துக்குக் கேடுதான் செய்யும். செய்துவிட்டால் திரும்பப் பெறவும் முடியாது. மிஷினைச் சர்வீஸ் செய்வது இவற்றிலிருந்து முற்றிலும் வேறான வேலை. கடைக்காரர் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே விலை சொல்லியிருப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் முடிவு எளிதாகும்.

நீங்கள் அனுப்பிய படங்கள் நன்றாகவே இருக்கின்றன. மிஷினின் மேற்பாலத்தில், அதாவது சக்கரங்களை மூடிநிற்கும் மேல்தகட்டில், 565 என்ற எண் தெளிவாகத் தெரிகிறது; இது ஒமேகா 1966இல் கொண்டுவந்த, உராய்வைக் குறைக்கும் 24 கற்கள் கொண்ட, தேதி காட்டும் ஆட்டோமேட்டிக் மிஷின். வரிசை எண் 24 என்று தொடங்கும் எட்டு இலக்க எண். அந்த வரிசை 1966ஐ ஒட்டித் தயாரானது. பின்மூடியின் உட்புறத்தில் உள்ள மாடல் எண் 166 என்று தொடங்குகிறது. அக்காலத்து ஒமேகா எண்முறையில் 165 என்று தொடங்கினால் தேதி இல்லாத ஆட்டோமேட்டிக், 166 என்று தொடங்கினால் தேதியுள்ளது. ஆக மிஷின், கேஸ், உங்கள் தந்தை ஊர் திரும்பிய ஆண்டு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இது சிறிய விஷயமன்று. நம் நாட்டுச் சந்தையில் பழைய ஒமேகா என்ற பெயரில் சுற்றுகிறவற்றில் நிறைய, ஒன்றின் கேஸிலும் இன்னொன்றின் மிஷினிலும் புதிதாக அடித்த டயலை வைத்து ஒட்டுப்போட்டவை. ஒரே கையில் இருந்து, ஒரே வீட்டில் கிடந்து, பாகம் மாறாமல் வந்த கடிகாரம் வாங்குகிறவருக்கு அபூர்வம்.

பாகம் மாறாமல் என்று சொன்னாலும் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் சாவியின் தலையில் ஒமேகாவின் குறியான அந்தக் கிரேக்க எழுத்து இல்லை. எப்போதோ தேய்ந்துபோய், கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். இது பெரிய குறையில்லை. பழைய அசல் சாவி தேடினால் கிடைக்கும். உங்கள் தந்தையின் மேசை இழுப்பறையிலோ பெட்டியிலோ சிறு காகிதப் பொட்டலத்தில் பழைய சாவி கிடந்தாலும் வியப்பில்லை, தேடிப் பாருங்கள். அப்படியே சிங்கப்பூர்க் கடையின் ரசீது, உத்தரவாதச் சீட்டு, கழற்றிப் போட்ட பழைய எஃகுச் சங்கிலி எதுவாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி டயல். டயலின் ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, 'சுவிஸ் மேட்' என்று பொடி எழுத்தில் இருக்கிறது; அதற்கு இருபுறமும் ஆங்கில 'டி' எழுத்து ஒவ்வொன்று இருக்கிறது. அந்த எழுத்துகள், முட்களின் நடுவே கோடுபோல இட்ட ஒளிப்பூச்சில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் இருப்பதைக் குறிப்பவை. 1960களில் ரேடியத்தைக் கைவிட்டு டிரிட்டியத்துக்கு மாறினார்கள். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 ஆண்டுகள் என்பதால், ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆகிவிட்ட உங்கள் கடிகாரத்தில் இப்போது எஞ்சியிருப்பது நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவு. இருட்டில் ஒளிராது, ஒளிராததைக் குறையென்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம். அந்தப் பூச்சு பாலாடையின் நிறத்துக்கு மங்கியிருப்பதும், டயலின் பழுப்போடு அது இசைந்துபோவதும் இரண்டும் சேர்ந்தே வயதானவை என்பதற்குச் சாட்சி. டயலை மட்டும் புதிதாக அடித்து முட்களை அப்படியே விட்டால் பொருந்தாமை உடனே கண்ணில் படும். முட்களுக்கும் புதுப்பூச்சு பூசினால் சாட்சியே அழிந்துவிடும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: 1950களின் கடிகாரங்களில் ஒளிப்பூச்சு பெரும்பாலும் ரேடியம். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஒளிர்வது நின்றுபோனது, ரேடியத்தோடு கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடு கெட்டுப்போனதால்தான். ரேடியம் அப்படியே இருக்கிறது. அதைச் சுரண்டினால் கதிரியக்கத் தூசி மூச்சில் போகும். வீட்டில் வைத்து அப்படிப்பட்ட கடிகாரத்தைத் திறக்கவே கூடாது.

டயல் அடிப்பது எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும். தொழிற்சாலையில், செதுக்கிய உலோகத் தகட்டில் மையிட்டு, அதை மெத்தென்ற திண்டால் ஒற்றி எடுத்து டயலின் மேல் பதித்தார்கள். அதனால் எழுத்துகள் மயிரிழை போல, ஓரம் பிசிறாமல் நிற்கும். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தால் 'சீமாஸ்டர்' என்ற சொல்லின் கொக்கி வளைவு ஒரே மூச்சில் எழுதியதுபோல் மெலிந்தும் தடித்தும் ஓடுவதைக் காணலாம். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு அது தெளிவாகவே தெரிந்தது. புதிதாக அடிப்பவர்கள் முதலில் இந்த அச்சையும் அதன் கீழுள்ள வெள்ளிப்பூச்சையும் மருந்து போட்டுக் கரைத்து, தேய்த்து, வெறும் தகடாக்குவார்கள். மணிக்குறிகளையும் ஒமேகா சின்னத்தையும் பிடுங்கி மீண்டும் ஒட்டுவார்கள். பின்புறம் டயலை மிஷினோடு பிடித்துவைக்கும் இரண்டு சிறிய கால்கள் இந்த வேலையில் முறிந்துபோவதும் உண்டு. முறிந்தால் பசைவைத்து ஒட்டிவிடுவார்கள், பிறகு டயல் வழுக்கி முட்களோடு உரசும். எல்லாம் முடிந்து வரும்போது எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக்குறிகளுக்கு நேராக நிற்காது, ஆறு மணிக்குக் கீழே இருந்த பொடி எழுத்து காணாமலே போயிருக்கும். தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்குப் புதிது. பழைய கடிகாரம் அறிந்தவருக்கு ஒரு பார்வையில் விலை பாதியாய்ப் போன பொருள்.

உங்கள் டயலில் உள்ள கரும்புள்ளிகள், கடற்கரை ஊரின் ஈரக்காற்று உலர்ந்துபோன ரப்பர் வளையத்தின் வழியே உள்ளே நுழைந்து, மேற்பூச்சின் அடியில் உலோகத்தைக் கறுக்க வைத்ததால் வந்தவை. ஈரத்தை வெளியேற்றி, புதிய வளையம் போட்டுவிட்டால் அவை பரவும் வேகம் பெரிதும் குறையும். அவற்றைத் துடைக்க முயலக் கூடாது. அக்காலத்து மேற்பூச்சு வயதானபின் ஈரத்துணி பட்டாலே எழுத்தோடு சேர்ந்து உரிந்துவரும். 'லேசாகத் துடைத்துத் தருகிறேன்' என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாலிஷைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டை மாட்டும் கொம்புகளின் மேல்புறத்தில் ஒரு கூரான விளிம்பு ஓடுகிறதே, அந்த விளிம்புதான் இந்தக் கேஸின் அழகு. உங்கள் படத்தில் அது இன்னும் கூராகவே இருக்கிறது. கீறல்கள் இருந்தாலும் எஃகு குறையவில்லை. சுழலும் சக்கரத்தில் வைத்து ஒருமுறை பாலிஷ் போட்டால் விளிம்பு மழுங்கிச் சோப்புக்கட்டியாகிவிடும். கீறல் உங்கள் தந்தையின் கை பட்டது, மழுங்கல் கடைக்காரரின் கை பட்டது. எதை வைத்துக்கொள்வது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வெதுவெதுப்பான நீரில், அதுவும் மிஷினை வெளியே எடுத்தபின், கேஸை மட்டும் கழுவினால் போதும்.

கண்ணாடி மட்டும் இதற்கு விலக்கு. அது உண்மையில் கண்ணாடியில்லை, அக்ரிலிக். அதன் கீறல்களை அதற்கென்றே விற்கும் பசையால் துணியில் தேய்த்து நீக்கிவிடலாம்; அரைமணி நேர வேலை. தேய்ப்பதற்கு முன் லென்ஸ் வைத்து, முட்களின் நடுமையத்துக்கு நேர் மேலே, கண்ணாடியின் அடிப்பரப்பில் மணல் அளவில் ஒமேகா குறி பொறித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அது அசல் கண்ணாடி. விரிசல் விட்டிருந்தால் தவிர அதை மாற்ற வேண்டாம்.

அடுத்து மிஷின். ஆட்டினால் சில நிமிடம் ஓடி நிற்கிறது என்பது நோயே இல்லை என்றும் சொல்லலாம். ஆட்டோமேட்டிக் என்றாலும், முற்றிலும் நின்றுபோன கடிகாரத்துக்கு முதலில் சாவி கொடுக்க வேண்டும். வெறுமனே ஆட்டுவதால் ஸ்பிரிங்கில் ஏறும் விசை சில நிமிடங்களுக்குத்தான் வரும். சாவி கொடுத்து ஓடவிடுங்கள் என்று நான் இப்போது சொல்லமாட்டேன். காரணம், உள்ளே இருந்த எண்ணெய் என்றோ உலர்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் சக்கரங்களின் மெல்லிய அச்சுமுனைகள் பிசினில் கலந்த தூசியால் அராவப்படும். ஓடுகிறதே என்று அவ்வப்போது எடுத்து ஆட்டிப்பார்ப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

தேதி மாறாததற்கும் பெரும்பாலும் இதே உலர்ச்சிதான் காரணம். இந்த 565 மிஷினில் தேதியை மாற்றும் முறை சற்று வேறுபட்டது: சாவியை முட்களைத் திருப்பும் நிலைக்கும் வெளியே இன்னொரு படி இழுத்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தேதி நகர்ந்து, சாவி தானே உள்ளே திரும்பும். தெரியாதவர்கள் அதைச் சாவி பிடுங்கிக்கொண்டது என்று நினைத்துப் பயப்படுவார்கள். உலர்ந்த நிலையில் அப்படி இழுப்பது நல்லதில்லை. சர்வீஸுக்குப் பிறகு செய்து பார்க்கலாம்.

எனக்குக் கவலை தருவது ஒரே ஒரு படம். பின்மூடியின் உட்புறத்தில் பிறைநிலா வடிவில் மெல்லிய உரசல் வரி தெரிகிறது. கையசைவில் சுழன்று விசையேற்றும் ரோட்டர், அதன் நடு அச்சு தேய்ந்ததால் சற்றே சாய்ந்து மூடியில் உரசியிருக்கிறது. 550, 560 வரிசைகளில் எண்ணிடப்பட்ட ஒமேகா மிஷின்களில் இது அடிக்கடி காணும் தேய்மானம். சரிசெய்யக்கூடியதுதான், இந்த வரிசை மிஷின்கள் பெருமளவில் தயாரானவை என்பதால் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. சர்வீஸ் செய்பவரிடம் இதைத் தனியாகச் சுட்டிக்காட்டி, ரோட்டர் அச்சுக்கு என்ன செய்வார் என்று கேளுங்கள். 'அது ஒன்றும் செய்யாது' என்று தட்டிக்கழித்தால் அவர் உங்களுக்குரிய ஆள் இல்லை. மற்றபடி மிஷின் நல்ல நிலையில் இருக்கிறது. தாமிர நிறம் சீராக இருக்கிறது, துரு இல்லை, திருகுகளின் தலைகள் சிதையவில்லை. முன்பு திறந்தவர் கைபழகியவர் என்பதை அந்தத் திருகுகளே சொல்கின்றன.

சர்வீஸ் என்ற பெயரில் இரண்டு விதமான வேலைகள் நடக்கின்றன. முழு மிஷினையும் பெட்ரோலில் முக்கி எடுத்து, ஆங்காங்கே ஒரு சொட்டு எண்ணெய் விடுவது ஒன்று. அதைச் செய்தால் கடிகாரம் ஓடும், ஆனால் சில மாதங்களில் பழையபடி நிற்கும். ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, தேய்மானத்தைப் பார்த்து, மெயின் ஸ்பிரிங்கையும் ரப்பர் வளையங்களையும் மாற்றி, ஒவ்வோர் இடத்துக்கும் உரிய எண்ணெயை இடுவது மற்றொன்று. வேகமாகச் சுழலும் முனைகளுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுழன்று பாரம் தாங்கும் சக்கரங்களுக்குக் கெட்டி எண்ணெய், சாவிப் பகுதிக்குக் கிரீஸ் என்று தனித்தனியே உண்டு. ஆட்டோமேட்டிக் கடிகாரத்தில் ஸ்பிரிங் இருக்கும் டப்பாவின் உட்சுவருக்கென்றே ஒரு பிடிப்புக் கிரீஸ் இருக்கிறது. ஸ்பிரிங்கின் வெளிமுனை அந்தச் சுவரைப் பற்றி நிற்க வேண்டும், விசை முழுமையானபின் வழுக்கவும் வேண்டும். தவறான கிரீஸ் போட்டால் முன்கூட்டியே வழுக்கி, 50 மணிநேரம் ஓடவேண்டிய கடிகாரம் விடிவதற்குள் நின்றுவிடும். இந்தக் கிரீஸைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து விளக்குகிறவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

வேலை முடிந்ததும், கடிகாரத்தின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க வைத்தபோது, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் வீச்சு 270 பாகைக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இந்த வயதுக் கடிகாரத்தில் 260 இருந்தாலும் ஏற்கலாம். 220ஐ ஒட்டி நின்றால் வேலை முடியவில்லை என்று பொருள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தக் கருவியில் லிஃப்ட் ஆங்கிள் என்ற அளவை ஒவ்வொரு மிஷினுக்கும் ஏற்ப அமைக்க வேண்டும். கருவி பொதுவாக 52 பாகையில் இருக்கும். உங்கள் மிஷினுக்கு உரியது 49. மாற்றாமல் அளந்தால் உண்மையில் 264 பாகை இருப்பதை 280 என்று காட்டும். கருவி மணிக்கு 19,800 துடிப்பு என்று காட்டவேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நொடி முந்துவதோ பிந்துவதோ இந்த வயதில் குற்றமில்லை.

கடிகாரத்தை ஒப்படைக்கும்போது செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. தயவுசெய்து இதைக் கூச்சப்பட்டு விட்டுவிட வேண்டாம். ரசீதில் 'ஒமேகா வாட்ச் ஒன்று' என்று எழுதி வாங்கிக்கொண்டு வருவதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. மிஷின் எண், வரிசை எண், பின்மூடியின் உள் எண் ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். 'டயல், முட்கள், கேஸ் ஆகியவற்றில் எந்த வேலையும் செய்யக்கூடாது. கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் திருப்பித் தரவேண்டும்' என்ற வாசகமும் இருக்கட்டும். நேர்மையான தொழிலாளி இதற்கு வருத்தப்பட மாட்டார்.

ஒமேகா நிறுவனத்துக்கே அனுப்பலாமா என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். சுவிட்சர்லாந்தின் பியல் நகரில் அவர்களுக்குப் பழைய கடிகாரங்களுக்கென்று தனிப் பட்டறை இருக்கிறது. வேலை மிகச் சிறப்பாக இருக்கும். ஆனால் உங்களுடையதைப் போன்ற எஃகு சீமாஸ்டருக்கு அங்கே ஆகும் செலவு கடிகாரத்தின் சந்தை விலையையே தாண்டிவிடக்கூடும்; டயலையும் முட்களையும் மாற்ற வேண்டாம் என்று எழுத்தில் வலியுறுத்தவும் வேண்டும். இந்தக் கடிகாரத்துக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து. சென்னையிலோ பெங்களூரிலோ பழைய சுவிஸ் மிஷின்களைப் பழகிய தனி ஆள் ஒருவர் போதும்.

இப்போது விலை. 40,000 என்பது ஏமாற்று விலையென்று நான் சொல்லமாட்டேன். ஓடாத, டயலில் புள்ளி விழுந்த, சாவி மாறிய எஃகு சீமாஸ்டருக்கு வியாபாரி ஒருவர் சொல்லக்கூடிய விலைதான். ஆனால் அவர் பார்த்தது முகப்புப் படத்தை மட்டும். உள்ளே என்ன மிஷின், எண்கள் பொருந்துகின்றனவா, துரு இருக்கிறதா என்பது தெரியாமல் சொன்ன விலையில் அந்த ஐயங்களுக்கெல்லாம் அவர் கழித்துக்கொண்டிருப்பார். நீங்கள் எனக்கு அனுப்பிய அதே படங்களை அவருக்கும், இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் அனுப்பி விலை கேளுங்கள். கடிகாரத்தை மட்டும் யாரிடமும் 'பார்த்துச் சொல்கிறேன்' என்று விட்டுவர வேண்டாம். இணையத்தில் விலை தேடினால், கேட்கிற விலையையும் விற்ற விலையையும் பிரித்துப் பாருங்கள். கேட்கிற விலைக்கு எல்லையே இல்லை. ஏலங்களில் முடிந்த விலைகளில், அதே 565 மிஷின், எஃகு கேஸ், அசல் டயல் உள்ளவற்றை மட்டும் ஒப்பிட வேண்டும். தங்கக் கேஸ் உள்ளதையும் ஒமேகாவின் உயர்வகையான கான்ஸ்டலேஷனையும் பார்த்து மனக்கணக்குப் போட வேண்டாம். அதிலும் ஏல நிறுவனத்தின் கழிவும் அனுப்பும் செலவும் போக மீதிதான் கைக்கு வரும்.

விற்பதென்று முடிவானால், சர்வீஸ் செய்யாமலே விற்றுவிடுங்கள். செலவிட்ட பணம் விலையில் முழுதாகத் திரும்பாது; சேகரிப்பவர்களில் பலர் தங்களுக்கு நம்பிக்கையான ஆளிடம் தாங்களே செய்துகொள்ளத்தான் விரும்புவார்கள். ரோட்டர் உரசுவதையும் சாவி அசல் இல்லை என்பதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மறைக்காமல் சொல்கிற குடும்பத்திடம் வாங்குகிறவர் டயல் அசல் என்ற உங்கள் சொல்லையும் நம்புவார், அதற்கு விலையும் தருவார்.

ஆனால் விற்கத்தான் வேண்டுமா? உங்கள் கடிதத்தில் பணத்தேவை என்று எங்கும் எழுதவில்லை. தம்பி சொல்வது நியாயமான பங்கீட்டைப் பற்றித்தானே தவிர, கடிகாரத்தை ஒழிக்கவேண்டும் என்பதைப் பற்றியில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வழி இருக்கிறது. மூன்று பேரிடம் வாங்கிய விலைகளில் நடுவில் உள்ளதை, கடிகாரத்தின் இன்றைய மதிப்பு என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்பவர் மற்றவருக்குப் பாதியைக் கொடுத்துவிடலாம். சர்வீஸ் செலவை வைத்துக்கொள்பவரே ஏற்கவேண்டும், அதைப் பங்கில் கழிக்கக்கூடாது. இந்தக் கணக்கை எந்த வேலையும் செய்வதற்கு முன்பே முடித்துவிடுவது உறவுக்கு நல்லது. ஓடத் தொடங்கியபின் இருவர் கண்ணிலும் அதன் மதிப்பு ஏறிவிடும்.

உங்கள் மகன் அதைக் கட்டுவாரா என்பதுதான் உண்மையில் தீர்க்கவேண்டிய கேள்வி. அந்தக் காலத்து சீமாஸ்டர்கள் ஏறக்குறைய 35 மி.மீ. விட்டம் கொண்டவை, இன்று கடைகளில் விற்பவை பலவும் 40ஐத் தொடுகின்றன. பெரிய கடிகாரம் பழகிய இளைஞருக்கு முதலில் இது சிறியதாகத் தெரியும். இதே அளவுள்ள வேறொரு கடிகாரத்தை ஒரு வாரம் வீட்டில் கட்டியிருக்கச் சொல்லுங்கள்; சர்வீஸுக்கு முன் இந்தக் கடிகாரத்தையே கட்டினால் கையசைவில் மிஷின் ஓடத் தொடங்கிவிடும். சர்வீஸுக்குப் பின் இதைக் கட்டும்போதும், தண்ணீர்க் குழாய் அருகே போனால் கழற்றவேண்டும். பின்மூடியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று பொறித்திருப்பதை அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு நம்பக்கூடாது, சர்வீஸுக்குப் பிறகும் நம்பக்கூடாது. காந்தம் உள்ள கைப்பேசி உறைகளிலிருந்தும் ஒலிபெருக்கிகளிலிருந்தும் தள்ளி வைக்கவேண்டும். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வீஸ் செலவு வரும். இவ்வளவையும் கேட்டபின்னும் அவருக்கு ஆசை இருந்தால் அது நிலைக்கிற ஆசை. மிஷினை மட்டும் சர்வீஸ் செய்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இதையே விரும்புவேன். 1960களில் வெளிநாட்டுக் கடிகாரம் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது, பெங்களூரில் எச்.எம்.டி. 1961இல் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு அப்போதுதான் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியிருந்தது. அந்த நாளில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வாழ்நாள் முழுக்க ஒன்றே போதும் என்று ஒருவர் பார்த்துப் பார்த்து வாங்கிய பொருள், குடும்பத்தில் ஒருவர் கையில் ஓடுவதைவிட நல்ல இடம் அதற்கு இல்லை.

எச்.எம்.டி. ஜனதா, பைலட் போன்றவற்றை வைத்திருப்பவர்களும் இதே கேள்வியை எழுதுகிறார்கள். அவற்றுக்குச் சந்தை விலை குறைவு என்பதால் விற்பதில் பெரிய பொருளில்லை. முறையான சர்வீஸ் செய்து கட்டிக்கொள்ளுங்கள். டயலைத் தொடவேண்டாம் என்பது மட்டும் அவற்றுக்கும் பொருந்தும். தொழிற்சாலை ஒருபோதும் அடிக்காத நிறங்களில் டயல் மாற்றிய ஜனதாக்கள் இப்போது ஏராளமாக விற்கின்றன. தாத்தாவின் வெள்ளை டயலைக் கழற்றி அப்படியொன்றை மாட்டிக்கொள்ள வேண்டாம்.

யாருமே கட்டப்போவதில்லை என்று தெரிந்தால், அம்மையாரே, விற்றுவிடுங்கள். அதில் குற்றவுணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. நாகப்பட்டினத்துக் காற்றில், உலர்ந்த வளையத்தோடு, பீரோவுக்குள் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும் டயலில் புள்ளி கூடும், மிஷினில் துரு பிடிக்கும். இன்றைய நிலையில் இருக்கும் அசல் டயலுக்குக் கிடைக்கிற விலை அன்று கிடைக்காது. அதை மதிக்கத் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவர் வாங்கினால் அவர் அதைப் பேணுவார்.

முடிவெடுக்கும்வரை, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்ட மூடிய டப்பாவில், டயல் மேலே பார்க்க வையுங்கள். கடைக்காரர் திறந்த பின்மூடியைச் சரியாக இறுக்கியிருக்கிறாரா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய கடைசிப் படத்தில் மூடிக்கும் கேஸுக்கும் நடுவே ஒரு பக்கம் நூலிழை இடைவெளி தெரிவதுபோல் எனக்குப் படுகிறது. அந்த ஒரு வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.